இரண்டுங்கெட்டான் வெப்பநிலை

மேசை மேல் இரண்டு உடைந்த துண்டுகள் கிடக்கின்றன. விரல் நீளம், பென்சில் அகலம், கறுப்பு நிறம். இரண்டும் ஒரே பலகையிலிருந்து அறுத்தவை. செராமிக் காம்போசிட், அதாவது செராமிக்குக்குள் இழைகளைப் பதித்துச் செய்த கலப்புப் பொருள். சிலிக்கான் கார்பைடு இழை, அதைச் சுற்றி மெல்லிய கார்பன் பூச்சு, இழைகளுக்கு நடுவே நிரப்பியிருப்பதும் சிலிக்கான் கார்பைடுதான். முதலில் சாதாரண வெப்பநிலையில் இழுத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழவைத்தோம். அப்புறம் லேசான சுமையோடு ஒன்றை 1200 டிகிரி செல்சியஸிலும் இன்னொன்றை 800 டிகிரியிலும் காற்றோட்டமுள்ள உலையில் விட்டோம். 1200இல் இருந்தது சோதனை முடியும்வரை தாங்கியது, கடைசியில் நாங்கள்தான் இழுத்து உடைத்தோம். 800இல் இருந்தது மறுநாள் காலை வந்து பார்க்கும்போது தானே இரண்டாகிக் கிடந்தது.

லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். உலையின் பதிவைத் திறந்து பார்த்தேன், லேபிள் சரிதான். மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது சந்தேகம் தீர்ந்தது. 1200இல் இருந்ததன் உடைந்த முகம் பழைய பிரஷ் மாதிரி இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் கண்ணாடித்தனம், உள்ளே ஆயிரக்கணக்கான இழைகள் தனித்தனியாக நீட்டிக்கொண்டு நின்றன. 800இல் இருந்ததோ வெளிப்புறத்திலிருந்து வெகு ஆழம் வரை ஓடு உடைந்தது போல மட்டமாக இருந்தது. இழையும் நிரப்பும் ஒரே வெட்டில் போயிருந்தன, நடுவில் மட்டும் சில இழைகள் பிடிமானம் இல்லாமல் தொங்கின.

இந்தத் துறையில் நாள்பட்டவர்களுக்கு இது புதிதே இல்லை. ஆனால் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கையில் வைத்துப் பார்ப்பது வேறு. சூடு ஏற ஏறக் கேடும் ஏறும் என்ற நினைப்பு நம்மிடம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. இந்தப் பொருள்கள் விஷயத்தில் அதை மறந்துவிட வேண்டும். இவற்றுக்கு ஆபத்தான இடம் நடுவில், ஏறக்குறைய 600 முதல் 900 டிகிரி வரைக்கும் உள்ள இரண்டுங்கெட்டான் பகுதியில் இருக்கிறது. அதைவிட மேலே போனால் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

சாதாரண செராமிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சூட்டையும் தாங்கும், ஆனால் ஒரு விரிசல் தொடங்கினால் ஒரே ஓட்டமாக மறுமுனைக்கு ஓடிவிடும். அதை எப்படி நிறுத்துவது? உள்ளே இழைகளைப் பதிக்கிறார்கள். 1975இல் ஜப்பானில் யஜிமாவும் அவர் குழுவினரும் ஒரு பாலிமரை இழையாக இழுத்து, அதைச் சுட்டுச் சிலிக்கான் கார்பைடு இழையாக்கிக் காட்டினார்கள். அந்த இழைகளின் விட்டம் 10 முதல் 15 மைக்ரான் வரை இருக்கும், தலைமுடியில் நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இழையைப் பதித்தால் மட்டும் போதாது. இழையும் நிரப்பும் ஒட்டிப் பிறந்தது போல இருந்தால், வருகிற விரிசல் இழையையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போய்விடும். அதனால் இழையைச் சுற்றி வேண்டுமென்றே ஒரு சோதாப் படலத்தை வைக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமனில் கார்பன், அல்லது போரான் நைட்ரைடு. விரிசல் அங்கே வந்ததும் இழையை வெட்டாமல் படலத்தோடு பக்கவாட்டில் திரும்பிவிடும். இழை உடையாமல் விரிசலின் இரு கரையையும் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த பிரஷ் போன்ற முகம் வருவது இதனால்தான்.

ஆக, மொத்தப் பொருளின் உறுதியும் அதிலேயே மிகவும் பலவீனமான ஒரு படலத்தை நம்பியிருக்கிறது. அந்தப் படலமோ கார்பன். கார்பன் காற்றில் 500 டிகிரியை ஒட்டியே எரிய ஆரம்பித்துவிடும். 1200 டிகிரி தாங்கும் பொருளின் உயிர்நாடியை 500இல் எரியும் சரக்கில் செய்து வைத்திருக்கிறோம்! முதல் முறை இதைக் கேட்டபோது இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்றுதான் தோன்றியது.

அவர்கள் சொல்லும் பதில் நியாயமானதுதான். நிரப்பில் விரிசல் இல்லாதவரை ஆக்சிஜன் உள்ளே போக வழியே இல்லை, கார்பன் பத்திரமாக இருக்கும். ஆனால் அறுத்த விளிம்பு இருக்கிறதே? அங்கே ஒவ்வொரு இழையின் முனையும் படலமும் வெளியே தெரியும். போதாததற்கு, சுமை ஓர் அளவைத் தாண்டினால் நிரப்பில் விரிசல் விழத்தான் செய்யும், ஏனென்றால் இழையைவிட நிரப்பு சீக்கிரம் விட்டுக்கொடுக்கும்படி அமைந்த பொருள் இது. விரிசல் விழுந்த கணத்திலிருந்து உள்ளே ஒரு பந்தயம் ஆரம்பிக்கிறது.

பந்தயத்தில் ஒரு பக்கம், ஆக்சிஜன் விரிசல் வழியாக இறங்கிக் கார்பன் படலத்தை முனையிலிருந்து எரித்துக்கொண்டே உள்ளே போகிறது. எரிந்த இடத்தில் இழையைச் சுற்றி ஒரு குழல் போன்ற வெற்றிடம் மிஞ்சும், அந்தக் குழல் வழியாக ஆக்சிஜன் இன்னும் ஆழமாக நுழையும். மறுபக்கம், சிலிக்கான் கார்பைடும் ஆக்சிஜனோடு சேர்ந்து சிலிகா என்ற கண்ணாடி ஆகிறது. சிலிகா அதை உண்டாக்கிய சிலிக்கான் கார்பைடைவிட இரண்டு மடங்குக்கும் சற்றே அதிகமான இடம் பிடிக்கும். எனவே விரிசலின் சுவர்களும் குழலின் சுவர்களும் வீங்கி, இடைவெளி அடைபடும். அடைபட்டுவிட்டால் ஆக்சிஜனுக்குக் கதவு சாத்தியாயிற்று. புண்ணில் பொருக்கு கட்டுவது போலத்தான்.

1200 டிகிரியில் சிலிகா வேகமாக வளர்கிறது, போதாக்குறைக்குக் கொஞ்சம் இளகியும் இருக்கிறது. கார்பன் வெகுதூரம் எரிவதற்குள் வாயை மூடிவிடுகிறது. 800இல் கார்பன் நன்றாகவே எரிகிறது, சிலிகா வளர்ச்சியோ எறும்பு ஊர்வது போல. கதவைச் சாத்த ஆள் வருவதற்குள் வீடு காலி. அதோடு நின்றாலும் பரவாயில்லை. காலியான குழலுக்குள் இப்போது இழையின் மேற்பரப்பே வெறுமையாக ஆக்சிஜனுக்கு முன் நிற்கிறது. அதன் மேல் மெல்ல மெல்லப் படியும் சிலிகா இழையையும் நிரப்பையும் ஒட்டிவிடுகிறது, சோதாப் படலம் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிப் பசை. அப்புறம் வருகிற விரிசல் திரும்ப வழியில்லாமல் நேராக வெட்டிக்கொண்டு போகும். என் மேசையில் இருக்கும் மட்டமான முகம் அப்படி வந்ததுதான்.

இந்தப் பந்தயத்தில் படலத்தின் தடிமனுக்கும் பங்கு உண்டு. மெல்லிய படலம் எரிந்து மிஞ்சும் குழல் குறுகலானது, சீக்கிரம் அடைபடும். தடித்தால் அடைபடாமலே போகலாம். ஆனால் ரொம்பவும் மெல்லிதாக்கினால் விரிசலைத் திருப்பும் வேலையைச் சரியாகச் செய்யாது.

இந்த நடுவெப்பக் கேட்டை ஆங்கிலத்தில் 'பெஸ்ட்' என்கிறார்கள், கொள்ளைநோய் என்று வைத்துக்கொள்ளலாம். பெயர் இந்தக் காம்போசிட்டுகளுக்காகப் பிறந்ததல்ல. மாலிப்டினம் டைசிலிசைடு என்றொரு பொருள் இருக்கிறது, உலைகளில் 1700 டிகிரி வரைகூடச் சூடேற்றும் கம்பியாகப் பயன்படுவது. அதையே 500 டிகிரி பக்கத்தில் காற்றில் நீண்ட நேரம் விட்டுவைத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். 1700ஐச் சிரித்துக்கொண்டே தாங்குவது 500இல் உதிர்கிறது என்றால் யார்தான் நம்புவார்கள்? அங்கேயும் கதை கிட்டத்தட்ட இதுதான், அந்தச் சூட்டில் காப்புத்தோல் முழுமையாக மூடிக்கொள்வதில்லை.

கார்பனில் இவ்வளவு வம்பு என்றால் மாற்றிவிடலாமே என்று போரான் நைட்ரைடுக்குப் போனார்கள். இது கார்பனைவிடக் கூடுதல் சூடு வரை ஆக்சிஜனைத் தாங்கும். ஆக்சிஜனேற்றம் அடைந்தாலும் வாயுவாகக் காணாமல் போகாமல் போரான் ஆக்சைடாக மாறும், அது 450 டிகிரியிலேயே உருகிவிடும், உருகிய கண்ணாடி விரிசலுக்குள் வழிந்து அடைத்துக்கொள்ளும். காகிதத்தில் பார்த்தால் அற்புதமான யோசனை. நடைமுறையில் வேலியே பயிரை மேய்ந்த கதை பாதி நடந்தது. உருகிய போரான் ஆக்சைடு, சிலிக்கான் கார்பைடின் மேல் இருக்கும் சிலிகாத் தோலைக் கரைத்துக் குழகுழப்பான போரோசிலிகேட் கண்ணாடியாக்கிவிடுகிறது. அதன் வழியாக ஆக்சிஜன் இன்னும் சுலபமாக நுழைந்து இழையைத் தின்னும். காற்றில் ஈரம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம், நீராவி போரானை போரிக் அமில ஆவியாக்கித் தூக்கிக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது சிலிகா மட்டும். அந்தச் சிலிகா பக்கத்துப் பக்கத்து இழைகளைக் கட்டாக ஒட்டவைக்கிறது. தனித்தனியாக இருந்தபோது ஓர் இழை அறுந்தால் அதன் சுமை எல்லா இழைக்கும் பரவும். ஒட்டிக்கொண்டால் பக்கத்து இழையின் தலையிலேயே முழுதாக இறங்கும், அது அறும், அப்புறம் அடுத்தது. இருந்தாலும் இன்று இயந்திரங்களில் ஓடுபவற்றில் போரான் நைட்ரைடுக்கே மதிப்பு, கார்பனோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல்.

இடையில் தராசைப் பற்றி ஒரு வார்த்தை. ஆக்சிஜனேற்றத்தை அளக்க எல்லோரும் முதலில் செய்வது எடை போடுவதுதான். ஒற்றைப் பொருளுக்கு அது சரி, காம்போசிட்டுக்கு அது பொய் சொல்லும். ஒரு மோல் கார்பன் எரிந்தால் 12 கிராம் குறையும். ஒரு மோல் சிலிக்கான் கார்பைடு சிலிகாவானால் 40 கிராம் 60 கிராம் ஆகும், அதாவது 20 கிராம் கூடும். இப்போது 5 மோல் கார்பன் எரிந்து 3 மோல் சிலிக்கான் கார்பைடு மாறியிருந்தால்? 60 கழிந்து 60 கூடி, தராசு முள் அசையவே அசையாது. உள்ளே முதலுக்கே மோசம் வந்திருக்கும், அறிக்கையில் 'எடை மாற்றம் இல்லை' என்று எழுதியிருக்கும். நானே அப்படி ஓர் அட்டவணையைப் பெருமையாகக் காட்டியிருக்கிறேன், வெட்டிப் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டார். வெட்டவில்லை. அதற்குப் பிறகு எடையைக் குறித்துக்கொள்வேன், நம்ப மாட்டேன்.

சரி, 1200க்கு மேலே எல்லாம் நலமா என்றால், உலர்ந்த காற்றில் ஏறக்குறைய நலம்தான். சிலிகாத் தோல் வளர வளர ஆக்சிஜன் அதைக் கடந்து போகும் தூரமும் கூடுவதால் வளர்ச்சி தானே மந்தமாகும், தடிமன் இரட்டிப்பாக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். ஆய்வுக்கூடத்தில் இதைப் பார்த்துப் பூரித்துத்தான் எரிவாயு டர்பைனுக்குள் வைத்தார்கள். டர்பைனுக்குள் இருப்பது உலர்ந்த காற்று அல்ல. எரிபொருளில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தான் வரும், எரிந்த வாயுவில் சுமார் 5 முதல் 10 சதவீதம் வரை நீராவி. அது அழுத்தத்தோடும் அசுர வேகத்தோடும் உரசிக்கொண்டு போகும். அந்தச் சூட்டில் நீராவி சிலிகாவோடு சேர்ந்து சிலிக்கான் ஹைட்ராக்சைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது. மணலின் உறவான சிலிகா ஆவியாகப் பறந்துபோகிறது என்பதை மனம் ஏற்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கீழே சிலிகா வளர்ந்துகொண்டே இருக்கும், மேலே கரைந்துகொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகிவிடும். தோலின் தடிமன் மாறாது, ஆனால் அடியில் இருக்கும் பொருள் ஒரே சீராகத் தேய்ந்துகொண்டு போகும். 1990களில் நாசாவில் ஓபிலா, ஜேகப்சன், ஸ்மியலெக் போன்றவர்கள் இதை வெப்பவேதியியல் கணக்கோடும் சோதனையோடும் நிறுவினார்கள்.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் ஒரு தொழிற்சாலை டர்பைனின் எரியறைக்குள் சிலிக்கான் கார்பைடு காம்போசிட் உறைகளை வைத்து ஓட்டினார்கள். மேற்பூச்சு இல்லாதவை சுமார் 5000 மணிநேரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி தேய்ந்துபோயிருந்தன. பிறகு பேரியம் ஸ்ட்ரான்ஷியம் அலுமினோ சிலிகேட் மேற்பூச்சு போட்டவை 14000க்குச் சற்றுக் குறைவான மணிநேரம் ஓடின. இப்போதெல்லாம் அந்த இடத்துக்கு இட்டெர்பியம் டைசிலிகேட் வந்துவிட்டது. 2016இல் ஏர்பஸ் 320நியோவில் பயணிகளோடு பறக்க ஆரம்பித்த லீப் எஞ்சினில், டர்பைன் இறக்கைகளைச் சுற்றியுள்ள வளையப் பகுதி இந்தக் குடும்பத்துச் சரக்குதான், மேற்பூச்சு இல்லாமல் அதை யாரும் உள்ளே வைப்பதில்லை.

மேற்பூச்சுக்கும் சொந்தச் சங்கடங்கள் உண்டு. அது சிலிக்கான் கார்பைடோடு ஒத்து விரிய வேண்டும், ஒத்து விரியாவிட்டால் எஞ்சினை அணைத்துக் குளிரும்போதே உரிந்துவிடும். உலோக டர்பைன் இறக்கைகளுக்குப் போடும் சிர்கோனியாப் பூச்சு இங்கே உதவாததற்கு இதுவே முதல் காரணம், அது இரண்டு மடங்கு விரியும். அடியில் பிடிமானத்துக்காகச் சிலிக்கான் ஒரு படலம் போடுகிறார்கள், அது 1414 டிகிரியில் உருகிவிடும், அதனால் மேலே எதைப் போட்டாலும் அந்த எல்லைக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். அந்தச் சிலிக்கான் படலத்தின் மேல் காலப்போக்கில் வளரும் சிலிகாவோ கிறிஸ்டோபலைட் என்ற படிகமாகி, குளிரும்போது 200 டிகிரிச் சொச்சத்தில் சட்டென்று சுருங்கிப் பிளக்கும். ஒவ்வொரு முறை எஞ்சினை அணைக்கும்போதும் இது நடக்கும். பறக்கும்போது சேதம் இல்லை, நின்றால் சேதம்.

இழை கார்பனாகவே இருக்கும் வகைகளில் இந்த இரண்டுங்கெட்டான் சங்கதி இன்னும் பச்சையாகத் தெரியும். கார்பன் இழை நீளவாக்கில் ஏறக்குறைய விரியவே விரியாது, அதன் மேல் போடும் சிலிக்கான் கார்பைடு விரியும். ஆயிரம் டிகிரியில் பூச்சைப் போட்டுக் குளிரவைத்தால் பூச்சு சுருங்கும், அடியில் இருப்பது சுருங்காது, எனவே பூச்சு முழுக்க வலைப்பின்னலாக விரிசல். பயன்படுத்துவதற்கு முன்பே விரிசல்! மறுபடி பூச்சு போட்ட சூட்டை நெருங்கினால் அவை மூடிக்கொள்ளும், அதற்குக் கீழே திறந்தே இருக்கும். ஆகவே கீழிருந்து சூடேறும்போதும் மேலிருந்து குளிரும்போதும் கடந்தே ஆக வேண்டிய அந்த நடுப்பகுதியில்தான் கார்பன் எரிகிறது.

அமெரிக்க விண்வெளி ஓடத்தின் மூக்கும் இறக்கை முன்விளிம்பும் இப்படிப்பட்ட கார்பன் கார்பன் காம்போசிட், அதாவது இழையும் நிரப்பும் இரண்டுமே கார்பனாக இருந்தன. மேல் அடுக்கைச் சிலிக்கான் கார்பைடாக மாற்றி, விரிசல்களில் சிலிகாவையும் சோடியம் சிலிகேட் கண்ணாடியையும் ஊற வைத்திருந்தார்கள். 1992இல் கொலம்பியாவின் இறக்கை விளிம்பில் ஊசிமுனைத் துளைகள் தெரிந்தன. துளைக்குள் இருந்ததை ஆராய்ந்தால் துத்தநாக ஆக்சைடு! விண்வெளியில் ஏது துத்தநாகம்? ஏவுதளத்தின் இரும்புச் சட்டங்களுக்குத் துரு பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் கலந்த பூச்சு அடித்திருந்தார்கள். மழையில் அது கரைந்து, கீழே நின்ற ஓடத்தின் மேல் சொட்டியிருக்கிறது. பூமிக்குத் திரும்பும் சூட்டில் துத்தநாகம் சிலிகாத் தோலைத் துளைத்திருக்கிறது. 2003இல் கொலம்பியா சிதறியதற்குக் காரணம் இது அல்ல, ஏவும்போது பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கை விளிம்பைத் தாக்கியதுதான். ஆனால் 1600 டிகிரிக்காக வடிவமைத்த தோலை மழைத்தண்ணீர் துளைத்தது என்பது என் மனதை விட்டுப் போக மறுக்கிறது.

ஏனென்றால் எனக்கும் சிறிய அளவில் அது நடந்தது. வெறும் சிலிக்கான் கார்பைடுத் துண்டு ஒன்றை 1200 டிகிரியில் 100 மணிநேரம் வைத்து எடுத்தேன். எங்கும் வழவழவென்று பளிங்கு போல இருந்தது, ஒரு முனையில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு மங்கலாக, தொட்டால் சொரசொரப்பாக. பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடம் முழுக்க வெடித்த குமிழிகள். பொருளில் குறை என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். தனிமப் பகுப்பாய்வில் சோடியம் வந்தபிறகுதான் புரிந்தது, உலையில் வைக்கும்போது கையுறை போடாமல் பிடித்திருக்கிறேன். வியர்வை உப்பிலிருக்கும் சோடியம் சிலிகாவை நீர்த்த கண்ணாடியாக்கிவிடும், அதன் வழியாக ஆக்சிஜன் பாயும், உள்ளிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு குமிழியாக வெடிக்கும். உலைக்குழாய் எதனால் ஆனது என்பதும் இதே காரணத்தால் முக்கியம். அலுமினாக் குழாயில் கலந்திருக்கும் துளி சோடியம், சூட்டில் கசிந்து வந்து துண்டின் ஆக்சிஜனேற்ற வேகத்தைக் கூட்டிக் காட்டும் என்று பதிவுகள் உண்டு. சுத்தமான குவார்ட்ஸ் குழாயில் எடுத்த அளவும் அலுமினாக் குழாயில் எடுத்த அளவும் ஒத்துப்போகாது.

எங்கள் உலையில் இருப்பது அலுமினாக் குழாய். 800, 1200 துண்டுகள் இரண்டும் அதே குழாயில்தான் இருந்தன, அதனால் முடிவு மாறாது என்று நினைக்கிறேன், சோடியம் வந்திருந்தால் சூடு அதிகமான துண்டுக்குத்தானே அதிகம் வந்திருக்கும். இருந்தாலும் குவார்ட்ஸ் குழாய் ஒன்றுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். வந்ததும் 700, 800, 900 மூன்றிலும் திரும்ப ஓட்டவேண்டும், இந்த முறை வெட்டிய விளிம்புகளுக்கும் சிலிக்கான் கார்பைடு பூசிய பிறகு.